மாட்டுங்கா 1938 கட்டடம்: வளைந்த பால்கனியை இடிக்கச் சொல்கிறார் காண்ட்ராக்டர். வேறு வழி உண்டா?

கிங்ஸ்சர்க்கிள்_சொசைட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்கா கிழக்கில் தரைத்தளமும் மூன்று மாடியுமாக எங்கள் சொசைட்டி. 1938இல் கட்டியது, வாசலுக்கு மேலே கட்டடத்தின் பெயரும் வருடமும் சாந்திலேயே புடைப்பு எழுத்தாக நிற்கின்றன. தெருமுனை மனை. இரண்டு தெருவையும் தொட்டு வளைந்து போகும் பால்கனி, அதன் கைப்பிடிச் சுவரில் மூன்று வரிக் கோடு, ஜன்னல்களுக்கு மேல் புருவம் மாதிரி நீளமாக ஓடும் சஜ்ஜா, படிக்கட்டில் டெராசோ (சிமெண்டில் சலவைக்கல் துகள் பதித்துத் தேய்த்த தளம்), சூரியக் கதிர் வடிவத்தில் இரும்பு கிரில். அடியில் இடுப்பளவுக்குக் கருங்கல் பிளிந்த், அதே கல்லில் காம்பவுண்டுச் சுவர்.

ஸ்ட்ரக்சுரல் ஆடிட்டில் (கட்டட உறுதிச் சோதனையில்) சி2பி என்று வந்திருக்கிறது. காண்ட்ராக்டர் சொல்வது இது: பால்கனிக் கைப்பிடிச் சுவரை உடைத்து, செங்கலில் நேராக எழுப்பி, மேலே அலுமினிய ஸ்லைடிங் போட்டு மூடிவிடலாம், சஜ்ஜாவின் ஓரத்தை வெட்டிச் சின்னதாக்கலாம், படிக்கட்டுக்கு விட்ரிஃபைடு டைல், கல் பிளிந்தைக் கழுவி எனாமல் அடித்துவிடலாம், மொட்டை மாடியில் இருக்கிற கோபாவுக்கு (ஒழுகாமல் இருக்கச் செங்கல் துண்டுகளைச் சாந்தில் பதித்த தளத்துக்கு) மேலேயே இன்னொரு கோபா.

உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு இது சரியாகப் படுகிறது. மீதிப் பேருக்கு இந்த முகப்பை இழக்க மனமில்லை. முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு உறுதியாகப் பழுதுபார்க்க முடியுமா? அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? யுனெஸ்கோ பட்டியலில் நம் பகுதி வருமா?

—

கம்பியும்_கலவையும் எழுதியது:

முடியும். சி2பி என்றால் குடியிருப்பவர்களைக் காலி செய்யாமலே ஸ்ட்ரக்சுரல் ரிப்பேர் செய்யலாம் என்றுதான் அர்த்தம். இடிக்க வேண்டிய வகை சி1. அதை முதலில் உறுப்பினர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள் சார், பாதிப் பதற்றம் அடங்கும்.

இந்த வளைவுப் பால்கனி கட்டடத்தின் முகம். அதோடு அதில் தவறான இடத்தில் கை வைத்தால் ஆபத்து, அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன். இது சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்லாப். இதன் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் ஓடுகிறது. கீழே காரை உதிர்ந்து துருக்கம்பி தெரிந்ததும் எல்லோரும் அடிப்பக்கத்தைப் பூசிவிட்டுப் போகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது மேலே, தளம் சுவரைச் சந்திக்கும் இடத்தில். பால்கனித் தண்ணீர் அங்கேதான் இறங்குகிறது, இழுவிசையும் அங்கேதான் அதிகம். அதனால் முட்டுக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பால்கனியிலும் சுவரை ஒட்டி 150 மி.மீ. சதுரத்தில் இரண்டு இடம் திறந்து கம்பியைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். முட்டு தரையிலிருந்து தளம் தளமாக ஒரே கோட்டில் வர வேண்டும். மூன்றாம் மாடிக்கு இரண்டாம் மாடிப் பால்கனியில் மட்டும் ஊன்றினால், அந்தப் பளுவையும் கீழே இருக்கிற நொந்த ஸ்லாப்தான் சுமக்கும்.

செங்கல் சுவர் யோசனையை ஏற்காதீர்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பழைய கைப்பிடிச் சுவர் 75 மி.மீ. கான்கிரீட்டாக இருந்தால், ஒரு மீட்டர் உயரத்துக்கு ஓடு மீட்டருக்கு (நீளவாக்கில் ஒரு மீட்டருக்கு) சுமார் 190 கிலோ. அதே உயரத்தில் 115 மி.மீ. செங்கல் சுவர் 230 கிலோ. இரண்டு பக்கமும் பூச்சு, மேலே கண்ணாடி ஜன்னல் எல்லாம் சேர்ந்தால் 300ஐத் தாண்டும். இந்த எடை முழுக்க நீட்டலின் நுனியில் உட்காருகிறது, அதாவது வேர்க் கம்பியை (சுவரோரத்து மேல் கம்பியை) அதிகமாக இழுக்கும் இடத்தில். மூடிய பால்கனியில் அப்புறம் பீரோவும் வாஷிங் மெஷினும் வந்துவிடும். வடிகால் குழாய்க்காகத் தளத்தைக் கீறி மேல் கம்பியை வெட்டிவிடுவதும் மாட்டுங்காவிலும் தாதரிலும் பார்க்கிற வழக்கம்தான். கீறக் கூடாது என்று டெண்டரிலேயே எழுதுங்கள்.

அடுத்தது சோதனை. ரிபவுண்ட் ஹேமர் (கான்கிரீட்டைத் தட்டி வலிமை பார்க்கும் கருவி) மேல்தோலைப் பற்றி மட்டும் சொல்லும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கார்பனேஷன் (காற்று பட்டுக் கான்கிரீட்டின் காரத்தன்மை போவது) சோதனை மலிவு: புதிதாக உடைத்த கான்கிரீட்டில் ஃபினால்ஃப்தலீன் தெளித்தால், நல்ல பகுதி இளஞ்சிவப்பாகும், காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது. அந்தக் காலக் கட்டடங்களில் கம்பிக்கு மேல் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) 15, 20 மி.மீ.தான் இருக்கும், எண்பது வருடத்தில் அது தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். கம்பியின் மின்னழுத்தத்தைப் பார்க்கும் ஹாஃப் செல் சோதனையில் செம்பு-செம்பு சல்ஃபேட் மின்முனையை வைத்து அளந்தது மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. கூடவே கோர் (உருளையாகத் துளைத்தெடுக்கும் கான்கிரீட் துண்டு) எடுத்து வலிமையும், கம்பியை அரிக்கும் உப்பான குளோரைடின் அளவும். கடற்கரை ஊரில் குளோரைடு பார்க்காத ஆடிட் அரைகுறை ஆடிட்தான்.

ரிப்பேர் முறை: கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் 20 மி.மீ. இடைவெளி தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிப் பூசினால் பின்னால் இருக்கிற துரு வளர்ந்துகொண்டே இருக்கும். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். புதுப் பூச்சையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஓரங்களை 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டிவிட வேண்டும், மெல்லியதாகத் தேய்ந்து முடியும் ஓரம் முதல் மழையிலேயே பெயரும். கம்பியைப் பளபளப்பாகும்வரை துலக்கி, விட்டம் கணிசமாகக் குறைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, துத்தநாக பிரைமர், பிறகு பாண்ட் கோட் (பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பூச்சு). பாண்ட் கோட் ஈரமாக இருக்கும்போதே பாலிமர் மார்ட்டர் ஏற வேண்டும். 1:3 கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) 7.5 முதல் 10 லிட்டர் வரை, தயாரிப்பாளர் தாளில் உள்ளபடி. ஒரு அடுக்கு 10 முதல் 15 மி.மீ. அதற்கு மேல் ஒரே தடவையில் அப்பினால் தொங்கி விரிசல் விடும். 50 மி.மீ.க்கு மேல் ஆழம் என்றால் பலகை அடைத்து மைக்ரோ கான்கிரீட் (பொடிஜல்லி சேர்ந்த, தானே பரவும் கலவை) ஊற்றுவதே சரி.

இன்னொன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு இடத்தில் கம்பியைச் சுத்தம் செய்து புது மார்ட்டர் வைத்தால், அதற்கு அடுத்த அரை அடியில் பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். குளோரைடு ஏறிய கட்டடத்தில் இது நடக்க வாய்ப்பு அதிகம். ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி ஒரு வளையமாக மறுபடி வெடிப்பது இதனால்தான். தீர்வு, ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு துத்தநாக ஆனோடு (கம்பிக்குப் பதில் தான் அரித்துப்போகும் துண்டு) கட்டுவது, அல்லது பாதிக்கப்பட்ட பகுதி முழுவதையும் ஒரே வேலையாகத் திறப்பது.

சஜ்ஜாவை வெட்டாதீர்கள். அது நிழலுக்கும் மழைக்கும் வைத்தது. அடிப்பக்கம் ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளக் கோடு ஓடும், தடவிப் பாருங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். பெயிண்டர்கள் வருடக்கணக்கில் புட்டி போட்டு அதை மூடியிருப்பார்கள். கோடு மூடினால் தண்ணீர் அடிப்பக்கத்தோடு ஊர்ந்து சுவர் வரை போகும், சஜ்ஜாவின் அடியில் வேரோரத்தில்தான் காரை அதிகம் விழுவதைக் கவனியுங்கள். 12 மி.மீ. அகலத்தில் அந்தக் கோட்டைத் திரும்பத் திறந்தால் பெரிய வித்தியாசம் தெரியும்.

மொட்டை மாடி: 100 மி.மீ. கோபா சதுர மீட்டருக்கு 200 கிலோ வரை வரும். மேலே மேலே போடுவதை எந்த இன்ஜினியரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பழையதை எடுத்துவிட்டு, ஸ்லாபைப் பழுதுபார்த்து, பிறகு ஒரே ஒரு அடுக்கு, சரிவு 1:100.

—

சுண்ணாம்புச்_சாந்து எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. கல்லைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

எனாமல் வேண்டவே வேண்டாம். உங்கள் பிளிந்தில் இருப்பது பசால்ட், தக்காணத்தின் எரிமலைக் குழம்பு உறைந்த கல். சயான் கோட்டையும், தாராவியில் நம்மவர்கள் தினமும் கடந்து போகிற காலா கில்லாவும் இதே இனம். காலா கில்லாவை 1737இல் கவர்னர் ஜான் ஹார்ன் காலத்தில் கட்டினார்கள். இத்தனை மழைக்குப் பிறகும் அந்தக் கல் கெடவில்லை. கெட்டது இணைப்புச் சாந்தும், இடுக்கில் முளைத்த மரமும்தான். பசால்ட்டுக்கு பெயிண்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. தரையிலிருந்து ஏறும் ஈரம் இணைப்பு வழியாகத்தான் வெளியே காய வேண்டும். எனாமல் அந்த வழியை அடைத்துவிடும், ஈரம் இன்னும் மேலே ஏறி, உங்கள் தரைத்தள வீட்டுச் சுவரில் இடுப்புயரத்தில் உப்புப் பூக்கும்.

பெயிண்டை எடுப்பது அடிப்பதைவிடப் பலமடங்கு கடினம். ஃபுளோரா ஃபவுண்டன் 1864இல் வைத்தது, இங்கிலாந்திலிருந்து வந்த போர்ட்லண்ட் கல். அதன் மேல் காலம்காலமாக அடித்த பெயிண்டை நீக்கி, கல்லை வெளியே கொண்டுவந்து 2019இல் திறந்தார்கள். அந்த வேலையை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வைக்காதீர்கள்.

கழுவ: நைலான் பிரஷ், சாதாரணத் தண்ணீர், தேவைப்பட்டால் அமில-காரமில்லாத சோப்பு. ஆசிட் கூடாது, மணல் வீச்சு கூடாது, கிரைண்டர் கூடவே கூடாது. பசால்ட் தாங்கிவிடும் என்று சொல்வார்கள். கல் தாங்கும், கொத்தனார் விட்ட உளித்தடம் தாங்காது. அந்தத் தடம்தான் அந்த முகத்தின் அழகு. உங்கள் தெருவிலேயே சில கட்டடங்களில் மஞ்சளான மலாட் கல்லோ போர்பந்தர் கல்லோ இருக்கும். போர்பந்தர் சுண்ணாம்புக்கல், ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். எந்த முறையானாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் ஒரு அடி சதுரம் செய்து, காய்ந்த பிறகு பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இணைப்பு: தளர்ந்ததை மட்டும் கை உளியால் 20 முதல் 25 மி.மீ. ஆழம் எடுங்கள். ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி ஒரு பங்கு, கழுவிய கரட்டு மணல் இரண்டு பங்கு. செங்கல் பொடியான சுர்க்கி இல்லாமல் வெறும் சுண்ணாம்பு மும்பை ஈரத்தில் இறுக ரொம்ப நாள் பிடிக்கும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்கலாம், நம் பழைய கொத்தனார்களின் வழக்கம்தான். ஆனால் கணக்கில்லாமல் வெல்லம் ஊற்றினால் இறுகுவது தள்ளிப்போகும். 10 மி.மீ. அடுக்குகளாக அழுத்தி, கல் முகத்துக்கு ஒரு நூல் உள்ளே நிறுத்தி, ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் காப்பாற்றுங்கள். வெயில் நேராக அடித்தால் பொடிந்துவிடும்.

அரசங்கன்று இருந்தால் பிடுங்காதீர்கள், வேர் கல்லையும் கொண்டுவந்துவிடும். மேலே மட்டும் வெட்டினாலும் மழைக்கு முன்பு திரும்பத் துளிர்க்கும். வெட்டிய உடனே அந்தப் பச்சை வெட்டில் களைக்கொல்லி தடவி, வேர் செத்துச் சுருங்கிய பிறகு எடுத்து, பொந்தைச் சாந்து விட்டு நிரப்ப வேண்டும்.

—

கிங்ஸ்சர்க்கிள்_சொசைட்டி எழுதியது:

இருவருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். காம்பவுண்டுச் சுவரில் ஏற்கெனவே சிமெண்ட் பாயிண்டிங் செய்திருக்கிறது, கெட்டியாகத்தான் தெரிகிறது. அதையும் எடுக்க வேண்டுமா? அப்புறம், ஸ்லைடிங் கேட்பவர்கள் சொல்வது மழைச்சாரல். பழைய ஸ்டீல் ஜன்னல் வழியாகத் தண்ணீர் வருகிறது என்பது உண்மைதான்.

—

சுண்ணாம்புச்_சாந்து எழுதியது:

பசால்ட்டில் பிடிப்பாக இருக்கிற சிமெண்டைத் தோண்டாதீர்கள், தோண்டும்போது கல்லின் ஓரம் போய்விடும். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று கேட்கிற இடத்தை மட்டும் எடுங்கள். மலாட், போர்பந்தர் மாதிரி மென்மையான கல் என்றால் கதை வேறு: சிமெண்ட் கல்லைவிடக் கடினம், ஈரம் முழுக்கக் கல் வழியாக வெளியேறி, கல் உள்வாங்கிப் போகும், சிமெண்ட் மட்டும் சட்டம் போல் துருத்தி நிற்கும்.

—

பழைய_கிரில் எழுதியது:

ஜன்னலுக்குப் பதில். ஸ்லைடிங் மழைக்கு நல்லது என்பது தவறான எண்ணம். கீழ்த் தடத்தில் இருக்கும் வடிகால் துளை தூசியால் அடைத்தால், தெற்கு-மேற்குக் காற்று தள்ளும் தண்ணீர் தடம் நிரம்பி உள்ளேதான் விழும். கதவு போல் திறக்கும் பழைய ஸ்டீல் ஜன்னலை மூடினால் அது சட்டத்தோடு அழுந்தி நிற்கிறது. உங்களுடையது ஒழுகக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: கண்ணாடிப் புட்டி உதிர்ந்திருக்கும், கீல் தொய்ந்து மூடாமல் இருக்கும், அல்லது பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி விளிம்பு தடித்திருக்கும். விளிம்பைச் சுரண்டி இரும்பைக் காட்டி, ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், ஆளி எண்ணெய்ப் புட்டி புதிதாக, கீலுக்குப் புதுப் பின். அடிச்சட்டம் அரித்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி அதே அளவு செக்‌ஷன் வெல்டு செய்யலாம்.

டெராசோவை டைலால் மூடினால் சாந்தோடு சேர்த்து சதுர மீட்டருக்கு 70 கிலோவுக்கு மேல் படிக்கட்டில் ஏறும். முதல் படியும் கடைசிப் படியும் மற்றவற்றோடு உயரம் ஒத்துவராமல், வயதானவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். டெராசோ மேலடுக்கு 10, 12 மி.மீ. கனமுள்ளது, திரும்பத் தேய்க்க இடம் இருக்கிறது. விரிசலில் அதே நிறச் சிமெண்டும் அதே அளவு சலவைக்கல் துகளும் நிரப்பி, 60, 120, 220, 400 என்ற வரிசையில் தண்ணீரோடு தேய்க்கவும். துகளுக்கு நிறம் பொருத்துவதுதான் கஷ்டம். வண்டியில் வந்ததை அப்படியே போடவிடாமல், ஒரு கையளவு பலகையில் மாதிரி ஊற்றித் தேய்த்து, காய்ந்த பிறகு பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நிறம் தேர்ந்தெடுக்கும் முன், மழை படாத மூலையில் பிளேடால் படிப்படியாகச் சுரண்டுங்கள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிய வேண்டும், கடைசியில் 1938இன் நிறம் வரும். ரப்பர் மாதிரி நீளும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்டை ஈரச் சுவரில் அடிக்காதீர்கள், கொப்புளம் கட்டும். சிமெண்ட் பெயிண்டோ சிலிக்கேட் பெயிண்டோ சுவரை மூச்சுவிட விடும். ஆனால் இரண்டும் பழைய அக்ரிலிக் மேல் பிடிக்காது, அதை முழுக்க எடுத்தாக வேண்டும்.

வாசல் எழுத்தை மட்டும் மறக்காதீர்கள். கொத்த ஆரம்பிக்கும் முன் ட்ரேசிங் பேப்பர் வைத்து ஒவ்வொரு எழுத்தையும் படி எடுங்கள், ஆழத்தையும் குறித்து வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மூன்று கோட்டுக்கும் சஜ்ஜா ஓரத்துக்கும் தகரத்தில் அச்சு வெட்டி, இரண்டு மூன்று இடத்தில் பொருத்திப் பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். வளைவு போன பிறகு ஞாபகத்தில் செய்கிற கோடு என்றைக்கும் தட்டையாகத்தான் வரும்.

—

எஃப்_நார்த்_வார்டு எழுதியது:

அனுமதி விஷயம். 2018இல் யுனெஸ்கோ சேர்த்தது ஓவல் மைதானத்தைச் சுற்றிய விக்டோரியன் கோத்திக், ஆர்ட் டெகோ (உங்கள் கட்டடத்தைப் போல வளைவும் கோடுமான 1930களின் பாணி) கட்டடத் தொகுதியையும் மரீன் டிரைவையும். மொத்தம் 94 கட்டடங்கள். மாட்டுங்கா அதில் இல்லை. நம் பகுதி பாம்பே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 1896 பிளேக்குக்குப் பிறகு போட்ட திட்டத்தில் வளர்ந்தது, கட்டடங்களும் அதே டெகோ காலம். பட்டியலில் இல்லை என்பதால் மதிப்புக் குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியல் வேறு. அதில் கிரேடு 1, 2ஏ, 2பி, 3, பாரம்பரியப் பகுதி என்று உண்டு. மேம்பாட்டு விதிகள் 2034இல் 52ஆவது விதி. உங்கள் மனையின் சி.எஸ். எண்ணை (நகர நில அளவை எண்ணை) கொடுத்து, பட்டியலில் இருக்கிறதா, பகுதிக்குள் வருகிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வந்தால், முகப்பில் கை வைக்கும் முன் மும்பை ஹெரிடேஜ் கன்சர்வேஷன் கமிட்டியின் கருத்து தேவைப்படலாம். வராவிட்டாலும் பால்கனியை மூடுவதும் சுவரை மாற்றுவதும் சாதாரண ரிப்பேர் கணக்கில் வராது, பிளான் அனுமதி வேண்டும்.

இன்னும் பகடி (முன்பணம் கொடுத்துக் குடியேறும் பழைய முறை) வாடகைக் குடியிருப்பாக இருந்து செஸ் (ரிப்பேர் வரி) கட்டுகிற கட்டடம் என்றால், ரிப்பேர் மாநில வீட்டுவசதி அமைப்பான ம்ஹாடாவின் ரிப்பேர் போர்டு வழியாகவும் போகும். 1940 செப்டம்பர் 1க்கு முன்பு கட்டியது ஏ வகை. சொந்த உரிமைச் சொசைட்டிக்கு அது பொருந்தாது. 30 வருடம் தாண்டிய கட்டடத்துக்கு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவின்படி ஸ்டெபிலிட்டி (உறுதித்தன்மை) சான்றிதழ் கட்டாயம். வேலை முடிந்த பிறகு அதை வார்டில் மறக்காமல் கொடுங்கள். வேறு ஆடிட்டர் நாளை சி1 என்று எழுதிவிட்டால், இரண்டு அறிக்கையும் மோதும்போது மாநகராட்சியின் டெக்னிக்கல் அட்வைசரி கமிட்டிதான் பார்க்கும். அதனால் கோர், ஹாஃப் செல் முடிவுத் தாள்களின் மூலப்பிரதி சொசைட்டி அலமாரியில் இருக்கட்டும்.

டெண்டரில் "ரிப்பேர், லம்ப்சம் (மொத்தத் தொகை)" என்று ஒரே வரி வரவிடாதீர்கள். பாலிமர் மார்ட்டர் சதுர மீட்டருக்கு, 25 மி.மீ. வரை ஒரு விலை, 50 வரை ஒரு விலை. புதுக் கம்பி கிலோவுக்கு. சஜ்ஜா சொட்டுக்கோடு ஓடு மீட்டருக்கு. கல் இணைப்பு ஓடு மீட்டருக்கு. திறந்து பார்த்த பிறகு அளவு கூடும், அது எல்லாப் பழைய கட்டடத்திலும் நடப்பதுதான்; விலை முன்பே பூட்டியிருந்தால் சண்டை வராது. வெளிவேலையை அக்டோபரில் தொடங்கினால் மே மாதத்துக்குள் பெயிண்ட் வரை முடிக்கலாம். முதலில் ஒரே ஒரு பால்கனியை, தெருமுனையில் இருப்பதை அல்ல, பின்பக்கத்தில் இருப்பதை, முழுக்க முடித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜினியரும் கமிட்டியும் அதில் கையெழுத்துப் போட்ட பிறகு மற்றதைத் தொடங்கட்டும்.

—

கம்பியும்_கலவையும் எழுதியது:

அந்த மாதிரிப் பால்கனியில் புது மார்ட்டர் வைத்து 28 நாள் கழித்து, ஒட்டும் வலிமையைப் பார்க்கும் புல்-ஆஃப் சோதனை மூன்று இடத்தில் எடுங்கள். பிளவு பழைய கான்கிரீட்டுக்குள்ளேயே விழுந்தால் ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒட்டுக்கோட்டிலேயே சுத்தமாகப் பிரிந்து வந்தால், கொத்திய முகத்தில் தூசி கழுவவில்லை, அல்லது பாண்ட் கோட் காய்ந்த பிறகு பூசியிருக்கிறார்கள். அப்படி வந்தால் அந்தப் பால்கனிக்குப் பணம் கொடுக்காமல் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.